பூரீம் பண்டிகை பைபிள்ல எங்க இருந்து வந்துச்சு? எஸ்தர் புத்தகத்தை கொஞ்சம் நிதானமா பார்ப்போம்

கேட்ட கேள்வி இது: யூதர்கள் வருஷா வருஷம் பூரீம்னு ஒரு பண்டிகை கொண்டாடுறாங்க, ஆனா மோசேயோட சட்டத்துல அப்படி ஒரு பண்டிகையே இல்லை, அப்போ பைபிள்ல அதுக்கு ஆதாரம் எது? கூடவே ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. கடவுள் பேரே வராத புத்தகத்துல இருந்து எப்படி ஒரு பண்டிகை பிறக்கும்? 75,000 பேர் செத்ததையா சந்தோஷமா கொண்டாடுறாங்க?

மூணுமே நியாயமான கேள்விதான். நேரா பதில் சொல்லணும்னா, ஆதாரம் எஸ்தர் புத்தகம் 9-ஆம் அதிகாரம், 20-ல இருந்து 32 வரைக்கும் உள்ள வசனங்கள். அந்த 13 வசனத்துலயே பண்டிகையோட பேர், தேதி, எப்படி கொண்டாடணும், யார் ஏற்படுத்தினது, எல்லாமே இருக்கு. ஆனா அதை மட்டும் எடுத்து படிச்சா புரியாது, ஏன்னா அந்த 13 வசனம் ஒரு லெட்டரோட சுருக்கம், அந்த லெட்டருக்கு முன்னாடி வேற லெட்டர்கள் போயிருக்கு, அதையெல்லாம் சேர்த்து பார்த்தாதான் இந்த பண்டிகை எதைக் கொண்டாடுது, எதைக் கொண்டாடலைங்கிறது தெரியும்.

முதல்ல மோசே சட்டம். லேவியராகமம் 23-ல பண்டிகை லிஸ்ட் இருக்கு: பஸ்கா, புளிப்பில்லா அப்பம், வாரங்களின் பண்டிகை, எக்காளம் ஊதுற நாள், பாவநிவிர்த்தி நாள், கூடாரப் பண்டிகை. இதுல பூரீம் இல்லை, இருக்கவும் முடியாது, ஏன்னா பூரீம் சம்பவம் நடக்கிறதா சொல்லப்படுறது பாரசீக ராஜ்யத்துல, எருசலேம் விழுந்து, ஜனங்க பாபிலோனுக்கு சிறையா போய், அந்த பாபிலோனையும் பாரசீகர்கள் பிடிச்ச பிறகு. அதாவது மோசேக்கு எத்தனையோ நூற்றாண்டு கழிச்சு. சீனாய் மலையில இருந்து வராத பண்டிகை இது. ஹனுக்காங்கிற இன்னொரு யூதப் பண்டிகையும் அப்படித்தான், அதுக்கு எபிரெய பைபிள்ல இடமே இல்லை, யோவான் 10:22-ல பிரதிஷ்டைப் பண்டிகைன்னு போற போக்குல ஒரு வரி வருது, அவ்வளவுதான். பூரீமுக்கு அப்படி இல்லை, அதுக்குன்னே ஒரு முழு புத்தகம் பைபிளுக்குள்ள உட்கார்ந்திருக்கு.

கதை நிறைய பேருக்கு தெரியும், அதனால வேகமா சொல்லிடுறேன். அகாஸ்வேரு ராஜா, இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரைக்கும் 127 நாடுகள ஆள்றவர், சூசான் நகரத்துல உட்கார்ந்து 180 நாள் விருந்து வைக்கிறார். (அந்த இந்துதேசம்ங்கிறது சிந்து நதிப் பக்கம்தான், நம்ம ஊர் வரைக்கும் பாரசீகம் வரல.) வஸ்தி ராணியை கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லிடுறா, பதவி போகுது. அப்புறம் பென்யமீன் கோத்திரத்து யூதரான மொர்தெகாய் வளர்த்த அநாதைப் பொண்ணு எஸ்தர் ராணி ஆகுறா, அவளுக்கு எபிரெயப் பேர் அத்சாள், தான் யூதப் பொண்ணுன்னு அவ யார்கிட்டயும் சொல்லலை. மொர்தெகாய் ராஜாவைக் கொல்ல நடந்த சதியைக் காட்டிக்கொடுக்கிறார், அது அரமனையோட நாளாகமப் புஸ்தகத்துல எழுதப்படுது, ஆனா பரிசு எதுவும் கிடைக்கலை. ஆமான்னு ஒருத்தன் பெரிய பதவிக்கு வர்றான், மொர்தெகாய் அவனுக்கு வணங்க மாட்டேங்கிறார், ஒருத்தர் மேல வந்த கோவத்துக்கு அவர் ஜனம் மொத்தத்தையும் அழிக்கணும்னு ஆமான் முடிவு பண்றான்.

இங்கதான் நிதானமா பார்க்கணும். எஸ்தர் 3:7. ராஜாவோட 12-ஆவது வருஷம், நிசான் மாசம், அதாவது வருஷத்தோட முதல் மாசம். ஆமான் முன்னாடி ‘பூர்’ போடுறாங்க, அதாவது சீட்டு. எந்த நாள்ல, எந்த மாசத்துல அழிக்கலாம்னு பார்க்க. விழுந்தது ஆதார், 12-ஆவது மாசம். பண்டிகைக்கு பேர் இங்க இருந்துதான், பூர் பன்மையில பூரீம், 9:26 அதை நேரடியாவே சொல்லுது. அழிக்கிறதுக்கு நாள் குறிச்ச சீட்டோட பேரையே தப்பிச்சவங்க தங்களோட பண்டிகைக்கு வெச்சுக்கிட்டாங்க.

இந்த சீட்டு எப்படி இருந்திருக்கும்? அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்தோட பாபிலோனிய சேகரிப்புல களிமண்ல செஞ்ச சின்ன கனசதுரம் ஒண்ணு இருக்கு, நம்ம தாயக்கட்டை மாதிரி, ஆனா புள்ளிக்கு பதிலா நாலு பக்கமும் ஆப்பு வடிவ எழுத்து. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு, அசீரிய ராஜா மூன்றாம் சல்மனேசர் காலம், யாஹலிங்கிற பெரிய அதிகாரியோடது. அசீரியாவுல ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு அதிகாரி பேரை வைப்பாங்க, அதை முடிவு பண்ண போட்ட சீட்டு அது. அதுல ‘பூரு’ங்கிற அதே வார்த்தை பொறிச்சிருக்கு, அவன் வருஷத்துல அசீரியாவோட விளைச்சல் நல்லா இருக்கட்டும், அவன் பூரு விழட்டும்னு தெய்வங்களுக்கு வேண்டுதல் வேற. எஸ்தர் கதைக்கு சில நூறு வருஷம் முந்தினது, இடமும் வேற, ஆனா பெரிய காரியத்தை சீட்டு போட்டு முடிவு பண்றதுங்கிறது அந்தப் பகுதியில அரசாங்க வழக்கமாவே இருந்ததுன்னு அந்த களிமண் கட்டியை பார்த்தா புரியும். ஆமான் பண்ணது ஏதோ கதைக்காக சேர்த்த விசித்திரம் இல்லை.

சீட்டு முதல் மாசத்துல போட்டு 12-ஆவது மாசம் விழுந்ததால நடுவுல கிட்டத்தட்ட 11 மாசம் கிடைச்சது. கதையில யாரும் இதை வாய் திறந்து சொல்லலை, ஆனா தப்பிக்க வழி பிறந்ததே இந்த இடைவெளியாலதான். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்"னு நீதிமொழிகள் 16:33-ல ஒரு வசனம் இருக்கு, எஸ்தர் புத்தகத்தை அந்த வசனத்தோட சேர்த்து படிக்கிறவங்க நிறைய பேர், நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

அடுத்து 3:12. ராஜாவோட எழுத்தர்களை கூப்பிட்டது நிசான் 13-ஆம் தேதி. தேதியை கவனிங்க. யாத்திராகமம் 12-ன் படி நிசான் 14 சாயங்காலம் பஸ்கா ஆட்டுக்குட்டி அடிக்கிற நேரம். எகிப்துல இருந்து விடுதலை ஆன நாளை கொண்டாட யூத வீடுகள் தயாராகிட்டு இருக்கிற அன்னைக்கு, 127 நாட்டுக்கும் உத்தரவு எழுதப்படுது, ஆதார் 13-ஆம் தேதி ஒரே நாள்ல, வாலிபர், கிழவர், குழந்தைங்க, பெண்கள்னு பார்க்காம எல்லாரையும் அழிச்சு கொன்னு நிர்மூலமாக்கி சொத்தை கொள்ளையடிக்கணும்னு. ஆமான் அதுக்கு 10,000 தாலந்து வெள்ளி தர்றேன்னு ராஜாகிட்ட சொல்லியிருக்கான். ராஜா விசாரிக்கவே இல்லை, மோதிரத்தை கழட்டி குடுத்துடறார். அந்த அதிகாரம் முடியற வரியை படிச்சா மனசு பிசையும்: தபால்காரங்க அவசரமா கிளம்புறாங்க, ராஜாவும் ஆமானும் குடிக்க உட்கார்றாங்க, சூசான் நகரம் கலங்கிப் போய் நிக்குது.

எஸ்தர் மூணு நாள் சாப்பிடாம தண்ணி குடிக்காம உபவாசம் இருந்து, அப்புறம் அழைக்காமலே ராஜா முன்னாடி போறதா 4, 5 அதிகாரங்கள் சொல்லுது. யூத மரபுல அந்த மூணு நாளை பஸ்கா நாட்களோடயே சேர்த்துத்தான் கணக்கு பண்றாங்க, அதாவது விருந்து சாப்பிட வேண்டிய ராத்திரியில உபவாசம். அழைக்காம உள்முற்றத்துக்கு போறவங்களுக்கு மரண தண்டனை, ராஜா பொற்செங்கோலை நீட்டினாத்தான் உயிர். "நான் செத்தாலும் சாகிறேன்"னு எஸ்தர் சொல்ற இடம் தமிழ் கிறிஸ்தவ வீடுகள்ல எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி மொர்தெகாய் சொன்னதுதான் இந்தப் பண்டிகைக்கு விதை. நீ இப்போ பேசாம இருந்தா யூதருக்கு சகாயமும் விடுதலையும் வேற ஒரு இடத்துல இருந்து வரும், ஆனா நீயும் உன் தகப்பன் வீடும் அழிஞ்சு போவீங்க, இப்படிப்பட்ட காலத்துக்காகவே உனக்கு இந்த ராணி பதவி கிடைச்சிருக்கலாமே. "வேறொரு இடம்"னு சொல்றார், எந்த இடம்னு சொல்லலை. புத்தகம் கடவுளுக்கு ரொம்ப பக்கத்துல வர்ற இடம் அதுதான், பக்கத்துல வந்து பேர் சொல்லாம நின்னுடுது.

5, 6, 7 அதிகாரத்தை நீங்களே ஒரே மூச்சுல படிச்சுடலாம். ராஜாவுக்கு தூக்கம் வரலை, நாளாகமத்தை வாசிக்க சொல்றார், மொர்தெகாய் காப்பாத்தின விஷயம் வருது, அவரைத் தூக்குல போட 50 முழ மரம் நட்டுட்டு அனுமதி கேட்க வந்த ஆமானே அவரை ராஜ குதிரையில ஏத்தி தெருவுல கூட்டிட்டுப் போக வேண்டி வருது, ரெண்டாவது விருந்துல எஸ்தர் உண்மையை உடைக்கிறா, ஆமான் அதே மரத்துல தொங்குறான்.

சண்டே ஸ்கூல் கதை பெரும்பாலும் இதோட முடிஞ்சிடும். ஆனா ஆமான் செத்த பிறகும் ஆதார் 13 அப்படியே இருக்கு. எஸ்தர் ராஜா கால்ல விழுந்து அழுது அந்த உத்தரவை ரத்து பண்ணுங்கன்னு கேக்குறா. ராஜா சொல்ற பதில் 8:8-ல இருக்கு: ராஜா பேரால எழுதி ராஜ மோதிரத்தால முத்திரை போட்டதை யாராலயும் மாத்த முடியாது. தானியேல் 6-லயும் இதே சட்டம் வரும், தரியு ராஜா தானியேலை சிங்கக் கெபியில இருந்து காப்பாத்த முடியாம தவிப்பார். அப்போ வழி ஒண்ணுதான், முதல் உத்தரவை அழிக்காம அதுக்கு எதிரா இன்னொரு உத்தரவு எழுதணும். சீவான் மாசம் 23-ஆம் தேதி, முதல் லெட்டர் போய் ரெண்டு மாசம் பத்து நாள் கழிச்சு, ரெண்டாவது லெட்டர் போகுது, அதே ராஜ முத்திரை, அதே 127 நாடு, ஒவ்வொரு ஜனத்துக்கும் அவங்க எழுத்துல அவங்க பாஷையில, யூதருக்கும் அவங்க எழுத்துல. அதுல என்ன இருக்குன்னா, அதே ஆதார் 13-ல தங்களை தாக்க வர்றவங்களை எதிர்த்து ஒண்ணு கூடி உயிரைக் காத்துக்க யூதருக்கு அனுமதி.

இதை விட்டுட்டு 9-ஆம் அதிகாரத்தைப் படிச்சா அது வெறும் பழிவாங்கல் மாதிரிதான் தெரியும். ராஜ முத்திரையோட ரெண்டு சட்டம் ஒரே நாள்ல அமலுக்கு வருது, ஒண்ணு கொல்லுன்னு சொல்லுது, இன்னொண்ணு எதிர்த்து நில்லுன்னு சொல்லுது. சண்டையைத் தவிர்க்கிற வழி அந்த சட்ட அமைப்புலயே இல்லை.

அதுக்காக அந்த அதிகாரத்தை லேசா கடந்து போகவும் நான் சொல்ல மாட்டேன். சூசான் அரமனையில 500 பேர், ஆமானோட 10 பிள்ளைங்க, வெளி நாடுகள்ல 75,000 பேர். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்ட்ல இந்த எண்ணிக்கை 15,000-ன்னு இருக்கு, அதனால பழைய காலத்துலயே எண்ணிக்கை கைக்கு கை மாறியிருக்குங்கிறது தெரியுது. சூசான்ல இன்னும் ஒரு நாள் வேணும்னு எஸ்தரே கேக்குறா, மறுநாள் 300 பேர். ரெண்டாவது உத்தரவோட வாசகமும் (8:11) முதல் உத்தரவை அப்படியே திருப்பி எழுதின மாதிரி குழந்தைங்க, பெண்கள், கொள்ளை எல்லாத்தையும் சொல்லுது. யூத அறிஞர்கள் உட்பட பலருக்கு இது கஷ்டமான பகுதிதான். இந்தப் பகுதியை தப்பா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்ம காலத்துலயே சாட்சி இருக்கு, 1994 பிப்ரவரி 25, பூரீம் நாள், ஹெப்ரோன்ல தொழுகையில இருந்த 29 பாலஸ்தீன முஸ்லிம்களை ஒரு யூத தீவிரவாதி சுட்டுக் கொன்னான். அதனால இந்த அதிகாரத்துல எது பண்டிகையா ஆச்சு, எது ஆகலைன்னு சொல்றது வெறும் புத்தக விஷயம் இல்லைன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

ஆகலைன்னு ஏன் சொல்றேன்? தேதியை பாருங்க. சண்டை நடந்தது ஆதார் 13. பண்டிகை 13-ஆம் தேதி இல்லை. நாடு முழுக்க 13-ல சண்டை போட்டு 14-ல ஓய்ந்தாங்க, அதனால 14 பண்டிகை. சூசான்ல 13, 14 ரெண்டு நாளும் சண்டை, 15-ல ஓய்ந்தாங்க, அதனால அங்க 15 பண்டிகை. 9:17, 18 ரெண்டு வசனமும் இதை வரி வரியா கணக்கு வெச்சு சொல்லுது. மொர்தெகாய் எழுதின லெட்டர்லயும் (9:22) யூதர் பகைவர்கிட்ட இருந்து விடுபட்டு இளைப்பாறின நாள், துக்கம் சந்தோஷமா மாறின மாசம்னுதான் இருக்கு, ஜெயிச்ச நாள்னு இல்லை. பகைவர்கள் செத்த எண்ணிக்கை அந்த லெட்டரோட சுருக்கத்துல வரவே இல்லை.

இன்னொரு விஷயம். கொள்ளையடிக்க உத்தரவுலயே அனுமதி இருந்தும் அவங்க கை நீட்டலைன்னு 9-ஆம் அதிகாரம் மூணு தடவை சொல்லுது, 10, 15, 16 வசனங்கள்ல. ஒரே விஷயத்தை இத்தனை தடவை சொல்றதுக்கு காரணம் 1 சாமுவேல் 15-ல இருக்கு. கீசின் மகன் சவுல், பென்யமீன் கோத்திரம், அமலேக்கியர் மேல போருக்கு போய் அவங்க ராஜா ஆகாகை உயிரோட விட்டு, நல்ல ஆடு மாடுகளை கொள்ளையா வெச்சுக்கிட்டு, அதனாலயே ராஜபதவியை இழந்தவர். இப்போ மொர்தெகாயோட வம்ச வரலாற்றை பாருங்க (2:5), பென்யமீன் கோத்திரம், கீசின் வம்சம். ஆமானை எப்படி அறிமுகப்படுத்துது? ஆகாகியன். பழைய கணக்கை எழுதினவர் வேணும்னேதான் திறக்கிறார், சவுல் கொள்ளை விஷயத்துல தவறின இடத்துல இவங்க தவறலைன்னு காட்ட. பூரீமுக்கு முந்தின ஓய்வு நாள்ல ஜெப ஆலயங்கள்ல உபாகமம் 25:17-19, அமலேக்கு செஞ்சதை நினைன்னு வர்ற பகுதியை வாசிக்கிறதும் இதனாலதான்.

சரி, பண்டிகை எப்படி ஏற்பட்டுச்சு? இதுலதான் பூரீம் மத்த பண்டிகைகள்ல இருந்து முழுசா வேறுபடுது. முதல்ல யாரும் எதுவும் சொல்லாமலே கிராமத்து யூதர்கள் 14-ஆம் தேதியை விருந்து நாளா ஆக்கிட்டாங்க, ஒருத்தருக்கொருத்தர் வரிசை அனுப்பிக்கிட்டாங்க (9:19). அதுக்கு அப்புறம்தான் மொர்தெகாய் எல்லா நாட்டு யூதருக்கும் லெட்டர் எழுதி 14, 15 ரெண்டையும் வருஷா வருஷம் ஆசரிக்க சொல்றார், விருந்து, சந்தோஷம், ஒருத்தருக்கொருத்தர் பலகாரம் அனுப்புறது, ஏழைகளுக்கு தானம். அப்புறம் 9:27, யூதர்கள் இதை தங்கள் மேலயும் தங்கள் சந்ததி மேலயும் கடமையா ஏத்துக்கிட்டாங்க. அதுக்கும் அப்புறம் எஸ்தர் ராணியும் மொர்தெகாயும் சேர்ந்து இன்னொரு லெட்டர், சமாதானமும் உண்மையுமான வார்த்தைகளோட, அதே 127 நாட்டுக்கு. அழிக்கச் சொல்லி லெட்டர் போன அதே முகவரிகளுக்குத்தான் பண்டிகை லெட்டரும் போகுது. வானத்துல இருந்து குரல் வரலை, தீர்க்கதரிசி யாரும் சொல்லலை, ஜனங்க செஞ்சாங்க, தலைவர்கள் எழுதினாங்க, ஜனங்க ஏத்துக்கிட்டாங்க.

இது பிற்கால யூத ஆசிரியர்களுக்கே சங்கடமா இருந்திருக்கு. "கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்"னு உபாகமம் சொல்லியிருக்கே, புதுசா ஒரு பண்டிகையா? ரபிகள், அதாவது யூத மத ஆசிரியர்கள், நடத்தின விவாதங்களோட தொகுப்பான பாபிலோனிய தல்மூதுல மெகில்லாங்கிற பகுதியில எஸ்தர் ஞானிகளுக்கு ஆள் அனுப்பி என்னை தலைமுறைகளுக்காக எழுதி வைங்கன்னு கேட்டதாவும், அவங்க முதல்ல தயங்கினதாவும் வருது. அதே தல்மூதுல இன்னொரு கேள்வி: பஸ்காவுல ஹல்லேல் சங்கீதங்கள் (113-118) பாடுறோமே, பூரீம்ல ஏன் பாடுறதில்லை? ரவாங்கிற ரபி சொல்ற பதில் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அந்த சங்கீதம் "கர்த்தருடைய ஊழியக்காரரே, துதியுங்கள்"னு ஆரம்பிக்குது, எகிப்தை விட்டு வெளிய வந்தவங்க இனி பார்வோனோட ஊழியக்காரர் இல்லை, அதனால பாடலாம், ஆனா பூரீமுக்கு அப்புறமும் நாம அகாஸ்வேருவோட ஊழியக்காரர்தானே.

பஸ்காவும் பூரீமும் விடுதலைப் பண்டிகைதான், ஆனா ஒண்ணுல கடல் பிளந்து ஜனங்க நாட்டை விட்டே வெளிய வர்றாங்க, இன்னொண்ணுல யாரும் எங்கேயும் போகலை, அதே ராஜா, அதே அரமனை, உத்தரவைப் படிக்காம மோதிரத்தைக் கழட்டிக் குடுத்த அதே ஆள் சிங்காசனத்துல. 10-ஆம் அதிகாரம் ஆரம்பிக்கிறதே ராஜா வரி போட்ட செய்தியோடதான். அடுத்தவன் ஆட்சியில சிறுபான்மையா வாழ்ந்த ஒரு ஜனத்துக்கு இந்த வகை விடுதலை எவ்வளவு நெருக்கமா இருந்திருக்கும்! ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இந்தப் பண்டிகை பிடிச்சு நின்னதுக்கு காரணம் வேஷமோ பலகாரமோ இல்லை, இதுதான்னு நினைக்கிறேன்.

கடவுள் பேர் விஷயம். எபிரெய எஸ்தர்ல கடவுள் பேர் ஒரு இடத்துல கூட இல்லைங்கிறது உண்மை. ஜெபம்ங்கிற வார்த்தையும் இல்லை, உபவாசம் மட்டும் இருக்கு. கிரேக்கத்துல எழுதினவங்களுக்கு இது பொறுக்கலை போல, ஆறு பெரிய பகுதிகள் சேர்ந்திருக்கு, மொர்தெகாயோட கனவு, மொர்தெகாய் ஜெபம், எஸ்தர் ஜெபம் எல்லாம். நம்மூர்ல கத்தோலிக்க வீட்டு பைபிள்ல ‘எஸ்தர் (கிரேக்கம்)’னு தனியா இருக்கிறது அதுதான், புராட்டஸ்டன்ட் பைபிள்ல எபிரெய வடிவம் மட்டும். ரெண்டையும் பக்கத்துல வெச்சு படிச்சு பாருங்க, கிரேக்க வடிவத்துல கடவுள் பேர் பல இடத்துல வருது, ஆனா எனக்கு எபிரெய வடிவத்தோட மௌனம்தான் பலமா இருக்கு.

வரலாறா இதுன்னும் கேப்பீங்க. அகாஸ்வேருன்னா பெரும்பாலான அறிஞர்கள் சொல்றது முதலாம் செர்க்செஸ், கி.மு. 486-465. அப்படின்னா 3-ஆம் வருஷ விருந்து கி.மு. 483, எஸ்தர் ராணியானது 7-ஆம் வருஷம், கி.மு. 479. நடுவுலதான் செர்க்செஸ் கிரேக்கத்து மேல படையெடுத்து சலாமிஸ் கடல் போர்ல தோத்தது, கணக்கு நல்லாவே பொருந்துது. சூசான் இன்னிக்கு ஈரான்ல ஷூஷ், தோண்டி எடுத்த அரமனை, பெரிய வாசல், அதுல இதை என் அப்பா தரியு கட்டினார்னு செர்க்செஸ் வெச்ச கல்வெட்டு எல்லாம் கிடைச்சிருக்கு, மொர்தெகாய் உட்கார்ந்திருந்த ராஜாவின் வாசல் எப்படி இருந்திருக்கும்னு அதை வெச்சு கற்பனை பண்ணலாம். ஆனா பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்ற ராணி பேர் அமெஸ்திரிஸ், வஸ்தியும் இல்லை எஸ்தரும் இல்லை. எஸ்தர், ஆமான் பேரோட பாரசீக ஆவணம் எதுவும் கிடைக்கலை. அரமனை நடைமுறை நல்லா தெரிஞ்ச ஒருத்தர் எழுதின வரலாற்று நாவல் மாதிரின்னு பல அறிஞர்கள் சொல்றாங்க, நம்பிக்கையாளர்கள் பலர் நடந்ததுன்னே எடுத்துக்கறாங்க. சாக்கடல் சுருள்கள்ல எஸ்தர் புத்தகத்தோட ஒரு துண்டு கூட கிடைக்கலை, அந்த சுருள்களை வெச்சிருந்ததா சொல்லப்படுற கும்ரான் குழுவோட நாள்காட்டியிலயும் பூரீம் இல்லை. அதே சமயம் 2 மக்கபேயர் 15:36 ஆதார் மாசத்துல ‘மொர்தெகாய் நாள்’னு குறிப்பிடுது, அதனால கிறிஸ்துவுக்கு முன்னாடியே யூதர் நடுவுல இந்த நாள் பழக்கத்துல இருந்தது நிச்சயம்.

இப்போ கொண்டாடுறதுல எது பைபிள், எது பிற்காலம்? விருந்து, ஒருத்தருக்கொருத்தர் சாப்பாடு அனுப்புறது, ஏழைகளுக்கு குடுக்கிறது மூணும் நேரடியா 9:22. எஸ்தர் சுருளை ராத்திரியும் பகலும் முழுசா வாசிக்கிறது, இந்த நாட்கள் நினைக்கப்படணும்ங்கிற 9:28-ஐ வெச்சு ரபிகள் ஏற்படுத்தினது. 13-ஆம் தேதி எஸ்தர் உபவாசம் ரொம்ப பிந்தி வந்தது. ஆமான் பேர் வரும்போது கிலுகிலுப்பை ஆட்டி சத்தம் போடுறது, மாறுவேஷம், முக்கோண பலகாரம் எல்லாம் இடைக்காலத்துலயும் அதுக்கு அப்புறமும் ஐரோப்பாவுல பரவின வழக்கங்கள். யோசுவா காலத்துல இருந்தே மதில் உள்ள ஊர்கள் 15-ல கொண்டாடணும்னு ரபிகளோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லுது, அதனால எருசலேம்ல இன்னிக்கும் ஒரு நாள் தள்ளித்தான் பூரீம். அதிக மாசம் வர்ற வருஷத்துல ரெண்டு ஆதார் வரும், பூரீம் ரெண்டாவது ஆதார்ல, ஒரு விடுதலைக்கு பக்கத்துல இன்னொரு விடுதலை இருக்கணும்னு, பஸ்காவுக்கு சரியா ஒரு மாசம் முன்னாடி. அதனாலதான் 2023-ல மார்ச் 7-ல வந்த பண்டிகை 2024-ல மார்ச் 24-க்கு போச்சு.

அந்த சுருள் வாசிக்கிற முறையில ஒண்ணு சொல்லணும். தோரா சுருளை, அதாவது மோசேயோட அஞ்சு புத்தகம் உள்ள சுருளை, ரெண்டு பக்கமும் சுருட்டிக்கிட்டே வாசிப்பாங்க. எஸ்தர் சுருளை மட்டும் முழுசா பிரிச்சு, மடிப்பு மடிப்பா ஒண்ணு மேல ஒண்ணு போட்டு வெச்சு வாசிக்கிறது வழக்கம், தபால்ல வந்த லெட்டரை பிரிச்சு வாசிக்கிற மாதிரி, ஏன்னா 9:26-லயும் 29-லயும் இதுக்கு லெட்டர்னுதான் பேர். ஆமானோட 10 பிள்ளைங்க பேரையும் வாசிக்கிறவர் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுடுவார், அந்த இடத்துல நின்னு ரசிக்கிறதில்லை.

நீங்க படிக்க ஆரம்பிக்கிறதா இருந்தா ஒரு யோசனை. முதல் தடவை கதையா முழுசா படிச்சுடுங்க. அடுத்த தடவை 3:12-15, 8:9-14, 9:20-32 இந்த மூணை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிங்க, எழுத்தர்கள், முத்திரை, தேதி, பாஷை, 127 நாடு, எது எது திரும்ப வருது, எது மாறுதுன்னு பென்சில்ல குறிச்சுக்கிட்டே. 9:30-க்கு வரும்போது அந்த லெட்டர்ல என்ன மாதிரி வார்த்தைகள் இருந்ததுன்னு சொல்றாங்கங்கிறதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.